முப்பது புள்ளி நம்பிக்கை

கணினி விளையாட்டில் வரும் மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. ஆளில்லாத ஒரு கிரகத்தில் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மன அழுத்தத்தைக் காட்டும் ஒரு கோடு. கோடு உச்சிக்கு ஏறினால் அந்த ஆள் சோற்றைக் கொட்டுவான், கதவை உடைப்பான், மூலையில் உட்கார்ந்து அழுவான். அழுத்தம் குறைவாக இருந்தால் ஆடுகிறவர்களுக்குக் கொட்டாவி வரும். கூடினால் நம்மைத் திட்டிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம். நெய்வேலியில் என் கணவருக்குச் சுரங்க நிர்வாகம் கொடுத்த குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

போன வருஷம் ஒரு சிக்கல். இருபதாம் நாளிலேயே எல்லோருடைய ஊரும் நொறுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு ரேடியோ கோபுரத்தைச் சேர்த்தேன். அவ்வப்போது அதில் மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வரும். கேட்டதும் எல்லோருக்கும் அழுத்தம் முப்பது புள்ளி குறையும். கப்பல் வராவிட்டால் பிறகு மெல்ல ஏறும். பெங்களூர் ஆபீசில் பாராட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

என் அண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து பர்மனென்ட் ஆகும் என்று காத்திருப்பவர்; நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் முன் என் வீட்டில் டீ குடிப்பார். அப்போது விளையாட்டைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்வேன். ஆபீசில் யார் ஆடினாலும் நாற்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்காத ஊர், அவர் கையில் எண்பது நாளைத் தாண்டியது. ஏதோ கோளாறு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாளே அவர் ரேடியோ கோபுரத்தைப் பிரித்து, அந்த இரும்பில் கட்டில் செய்துகொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன்.

“வருது வருதுன்னு சொல்லிக்கினே இருந்தா எவன் வூடு கட்டுவான்?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த மாதமே பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டிக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பு முழுவதும் அவருக்கு. மண்டிக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு தங்க இடம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சுரங்கத்தை விட்டால் இத்தனை வருஷக் காத்திருப்பும் வீண். ஆனாலும் போய்விடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பர்மனென்ட் ஆக்கப்போகிறவர்கள் லிஸ்டில் இந்த முறை அவர் பெயர் இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன்.

“மாப்ள சொன்னாரா?”

ஆமாம் என்றேன். லிஸ்ட் வரப்போவதாகக் கேண்டீனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான் என் கணவர் சொன்னது. பெயரைச் சேர்த்தது நான். இப்படி எத்தனையோ பேச்சைக் கேட்டுத் தள்ளியவர் அண்ணன். தங்கை பொய் சொல்வாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. முகம் தெளிந்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். நல்லது செய்துவிட்ட நிம்மதி எனக்கு. நான் கட்டிய கோபுரம் அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் பண்ருட்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. லிஸ்ட் எதுவும் வரவில்லை. கேண்டீனில் அந்தப் பேச்சே ஓய்ந்துவிட்டது. நான் சொன்னது பொய் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் இப்போதும் வருகிறார். விளையாட்டைத் தொடுவதில்லை. இளைத்துவிட்டார், எதற்கெடுத்தாலும் அண்ணியிடம் எரிந்து விழுகிறாராம். கூரை ஒழுகுகிறது என்றால், குவார்ட்டர்ஸ் கிடைக்கப்போகிறது, எதற்கு வெட்டிச் செலவு என்கிறாராம். டீ கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

“மாப்ள எதுனா சொன்னாரா?”

“இன்னும் இல்லண்ணா” என்கிறேன். அந்த ‘இன்னும்’ இல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.