இரண்டாவது புள்ளடி

ஜெர்மனியில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த வாக்கு நாட்டுக்கானதும் அல்ல, நகரத்துக்கானதும் அல்ல. வுப்பர்டாலில் கார்க் கதவுப் பூட்டுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் மன்றத்துக்கானது. கடவுச்சீட்டு எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்குப் போடலாம் என்றார்கள். ஒவ்வொரு அலுவலகமாக விசாவுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போயிருந்த எங்களுக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. தமிழர்கள் அங்கே முப்பது பேர் அளவில் வேலை செய்தோம். முப்பது பேரும் அந்த ஒரு மாதம் அரசியல்வாதிகளாகவே திரிந்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி இருந்தது. வருடத்துக்கு ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், விடுமுறை உண்டு. ஆனால் ஒரேயடியாக மூன்று கிழமைக்கு மேல் எடுக்க முடியாது. அதையும் வருடத் தொடக்கத்திலேயே எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற இயலாது. ஜெர்மன்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோடையில் ஸ்பெயின் கடற்கரை, மிச்சம் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். துருக்கிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எங்களில் பலருக்கு ஊருக்குப் போகவே வழி இல்லை என்பதால் அந்த விதி பெரிதாக உறைக்கவில்லை. உறைத்தது அக்காவுக்கு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னோடு ஒரே மேசையில் நின்று பூட்டுகளைப் பெட்டியில் அடுக்கியவர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நன்றாக மூத்தவர். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்பதால் அவருடைய பயணப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று அடித்திருந்தது. இலங்கையில்தான் அவருடைய தாய் தனியே இருந்தார். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பத்து வருடமாகியிருந்தது. சந்திப்பதென்றால் இந்தியா ஒன்றுதான் வழி.

தாய் முதலில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அனுமதி எடுக்க வேண்டும். பிறகு, போரில் தரைவழி மூடியிருந்ததால், கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். திருகோணமலையில் இறங்கி, கொழும்பு போய், இந்திய விசா எடுத்து, அங்கிருந்து திருச்சிக்குப் பறக்க வேண்டும். கப்பல் எப்போது ஓடும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாத காலம் அது. ஆவணியில் மூன்று கிழமை, மிச்சம் நத்தாருக்கு என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று கிழமை திருச்சியில் போய் நின்றால், தாய் வந்து சேருவதற்குள் திரும்ப வேண்டி வந்துவிடும். ஆறு கிழமை கிடைத்தால் எப்படியும் பிடித்துவிடலாம். இதை எனக்கு அவர் அநேகமாக ஒவ்வொரு நாளும் சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பேன்.

மன்றத்தின் பழைய தலைவர் கெட்ட மனிதர் அல்ல. நத்தாருக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொண்டுவந்து தருவார். அக்கா போய்க் கேட்டபோது, உனக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சிரித்தபடி அவருடைய தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அந்தத் தோள்தட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இல்லை என்று முகத்தை நீட்டிக்கொண்டு சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திராது.

அந்த வருடம் அவரை எதிர்த்து ஒரு பெண் கிளம்பினார். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாப்ளர் வண்டியை ஓட்டுகிற ஜெர்மன்காரி. நாங்கள் அவரை ஸ்டாப்ளர்காரி என்றே சொல்வோம். மண்டபத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் உள்ளவனை ஏசக்கூடிய குரல். முதலாளிக்கும் பயமில்லை, மேற்பார்வையாளருக்கும் பயமில்லை. வென்றால் கோடைக்கு முன்பே விடுமுறை விதியை மாற்றிக் காட்டுவேன், வேண்டியவர்கள் ஆறு கிழமையும் ஒன்றாக எடுக்கலாம் என்று அவர் அறிவித்த நாள் அக்கா எனக்குத் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு கட்லட் தந்தார்.

தேர்தல் முறை இதுதான். ஏழு இடம், இரண்டு பட்டியல். வாக்கு ஆளுக்கு அல்ல, பட்டியலுக்கு. முந்துகிற பட்டியலுக்கு நாலு இடம், மற்றதற்கு மூன்று. நாலு கிடைத்தால் முதலாவது பெயர்காரர் தலைவர், இரண்டாவது பெயர்காரர் துணைத் தலைவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாக்குச் சீட்டிலும் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் அந்த முதல் இரண்டு பெயர் மட்டும்தான் அச்சாகும். ஸ்டாப்ளர்காரி தனக்கு அடுத்ததாக எங்கள் மன்னார் அண்ணையைக் கேட்டார். அழுத்து இயந்திரத்தில் வேலை செய்த அண்ணை அதிகம் பேசமாட்டார். ஆனால் எங்கள் எல்லோரையும்விட நல்ல ஜெர்மன் அவருக்கு வரும். கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டு ஓடுவோம்.

அந்த நாளிலிருந்து யாருக்கும் நிம்மதி இல்லை. ஸ்டாப்ளர்காரியின் ஜெர்மன் ஆதரவாளர்களுக்கு ஒரு கவலை. ஆள் தங்கமானவர்தான், ஆனால் சீட்டில் அவ்வளவு நீளமான அந்நியப் பெயரைக் கண்டால் எங்கள் ஆட்கள் மற்றப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், அண்ணையை ஐந்தாவதாகப் போடு என்று ஸ்டாப்ளர்காரியை நச்சரித்தார்கள். துருக்கிக்காரர்களுக்கு வேறு மனக்குறை. தமிழர்களைவிட நாங்கள்தானே அதிகம், இரண்டாவது இடம் எங்களுக்கு ஏன் இல்லை என்றார்கள். ஸ்டாப்ளர்காரி இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னார். நல்ல ஆள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், பிறகென்ன.

எங்கள் பக்கக் கவலைகளுக்குக் கணக்கே இல்லை. மன்னார் ஆள், வாயில்லாப் பூச்சி, துணைத் தலைவராகி என்ன செய்யப்போகிறார் என்று யாழ்ப்பாணத்துக்காரர் சிலர் தொடங்கினார்கள். அது ஒரு நாளோடு ஓய்ந்தது. ஓயாத கவலை வேறு. மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் அதைத் தொடக்கிவைத்தார்.

"உவள் எங்கட வாக்கை வாங்கிப்போட்டு, வெண்ட உடனே அண்ணையைத் தள்ளிப்போட்டுத் தன்ரை ஆளைக் கொண்டுவருவாள். பாருங்கோ."

அதற்கு மேசையில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பது எப்படி? கொழும்புத் தலைவர்கள் எங்களோடு ஒப்பந்தம் எழுதுவார்கள், பிறகு கிழிப்பார்கள் என்பதைத் தகப்பன்மார் பத்திரிகை படித்துப் பெருமூச்சு விடுவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் ஒரு ஸ்டாப்ளர்காரி அந்தப் பழைய கணக்குக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது நியாயமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எனக்கும் நெஞ்சுக்குள் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருந்தது.

தேர்தலுக்கு முந்திய கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஸ்டாப்ளர்காரி மாதிரிச் சீட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி ஒன்றே ஒன்று என்று விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அண்ணை அதைத் தமிழில் சொன்னார்.

"பட்டியலுக்கு நேரே ஒரு வட்டம் இருக்கு. அதுக்குள்ள ஒரு புள்ளடி. வேற இடத்தில ஒண்டும் போடாதேங்கோ. என்ரை பேருக்குப் பக்கத்திலயும் போடாதேங்கோ. போட்டா சீட்டுச் செல்லாது."

எல்லோரும் தலையாட்டினோம். இதற்கு மேல் யாராலும் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

திரும்பிப் போகும்போது, மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடுகிற தொங்கு ரயிலில் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆறு கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏன் தம்பி உவள் ஒண்டு ஒண்டு எண்டு உப்பிடி அந்தரப்படுறாள்?"

"அதுதானே அக்கா இஞ்சத்தைய முறை."

"ஊரில கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு எங்களுக்கு விருப்பமான ஆளுக்கு ஒண்டு. விருப்பு வாக்குப் போடாட்டி எங்கட ஆள் எப்பிடி மேல வாறது? வட்டத்துக்குள்ள போடுற எல்லாம் அவளுக்குத்தானே போகும்."

"இஞ்ச விருப்பு வாக்கு இல்லை அக்கா. அண்ணையே சொன்னவர்தானே, தன்ரை பேருக்குப் போடவேண்டாமெண்டு."

"அவர் பாவம். அவள் பக்கத்தில நிண்டுகொண்டிருக்கேக்க அவர் வேற என்னத்தைச் சொல்லுறது?"

நான் இன்னொரு தடவை விளக்கினேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். அக்கா "ஓம், ஓம்" என்றார். எங்கள் ஊரில் அப்படி இரண்டு தரம் ஓம் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம், ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. அடுத்த தரிப்பிடத்தில் அவர் இறங்கிப் போனார்.

வாக்களிப்பு அதே சாப்பாட்டு மண்டபத்தில் நடந்தது. மறைப்புக்கு அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி மேசையில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா வேலை உடுப்புக்கு மேல் கோயிலுக்குப் போடுகிற நல்ல சால்வையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரும், அவருக்குப் பின்னால் பெட்டி அடுக்கும் பகுதிப் பெண்கள் நாலைந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்த திருப்தி இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்னேரம் எண்ணினார்கள். விரும்பியவர்கள் நின்று பார்க்கலாம். தேர்தல் குழுத் தலைவரான அலுவலக மனிதர் ஒவ்வொரு சீட்டாக விரித்து, எல்லோருக்கும் தெரியப் பிடித்து, முதலாவது பட்டியல், இரண்டாவது பட்டியல் என்று சொல்லிச் சொல்லி இரண்டு குவியலாக வைத்தார். குவியல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே உயர்ந்தன. ஸ்டாப்ளர்காரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பழைய தலைவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அப்போது ஒரு சீட்டை விரித்தவர் சற்றுத் தயங்கினார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு தூக்கிப் பிடித்தார். ஸ்டாப்ளர்காரியுடைய இரண்டாவது பட்டியலின் வட்டத்துக்குள் ஒரு புள்ளடி. மன்னார் அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில், கோடு பிசகாமல், இன்னொரு புள்ளடி. "உங்கூல்டிக்" என்று சொல்லி அதைத் தனியே வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவதாக ஒரு சின்னக் குவியல் எழுந்தது.

"என்னவாம் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"செல்லாதாம்."

"எது?"

"ரெண்டு புள்ளடி போட்டது."

அவர் என்னை எண்ணுகிற மேசைப் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"அது எங்கட ஆளுக்குத்தானே தம்பி போட்டது. அவளுக்கு விளங்கும்தானே. போய்ச் சொல்லும்."

சொல்லி ஆவது ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாலு வாக்கு வித்தியாசத்தில் பழைய பட்டியல் முந்தியது. அந்தச் சின்னக் குவியலில் அதைவிட அதிகமாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்டபமே கேட்கக் கத்தியிருப்பேன். படித்துப் படித்துச் சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"நான்தான் பெட்டையளுக்கும் சொன்னனான்," என்றார். "சீட்டில கேக்காட்டியும் பரவாயில்லை, அண்ணைக்கு ஒண்டு போடுங்கோ எண்டு."

ஸ்டாப்ளர்காரி யாரையும் ஏசவில்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் யார் புள்ளடி போட்டிருப்பார்கள் என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருதரம் எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அண்ணை மறுநாள் எங்கள் மேசைக்கு வந்து, "விடுங்கோ அக்கா, நாலு வருசத்தில திரும்பவும் வரும்தானே" என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். நாலு வருடம் என்று கேட்டதும் அக்காவின் கை நின்றுபோனதை நான் பார்த்தேன்.

புதிய மன்றத்தின் முதற் கூட்டத்திலேயே ஸ்டாப்ளர்காரி விடுமுறை விதியைக் கொண்டுவந்தார். அண்ணையும் பேசினார். வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் சொன்னவர் அரை மணித்தியாலம் பேசினாராம். நாலுக்கு மூன்று என்று தோற்றது.

ஆவணியில் அக்கா திருச்சிக்குப் போனார். வாடகைக்கு ஒரு அறை எடுத்து, தாய்க்கென்று புதுப் பாயும் போர்வையும் வாங்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் தொலைபேசிக் கடைக்குப் போய் விசாரித்தாராம். கடல் சரியில்லை, கப்பல் இல்லை. பிறகு கப்பல் வந்தது, பயணிகள் பட்டியலில் தாயின் பெயர் வரவில்லை. மூன்று கிழமை முடிந்து திரும்பி வந்து மேசையில் நின்றார். இதெல்லாம் மற்றப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அவர் கட்லட் மட்டும் அவ்வப்போது தந்தார்.

அடுத்த மாதம் தாய் திருச்சிக்கு வந்து இறங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. தொழிற்சாலை வாசலில் ஒரு அட்டைத் தொலைபேசி இருந்தது. இடைவேளையில் அக்கா அங்கே போனார். தன்னுடைய அட்டையில் காசு முடிந்தால் மாற்றிப் போடுவதற்கு என்னுடைய அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கச் சொன்னார். தாய்க்குக் காது மந்தம். அதனால் இரண்டு பேரும் கத்தித்தான் கதைத்தார்கள். எனக்கும் எல்லாம் கேட்டது.

"நான் வந்திட்டன் பிள்ளை. நீ எங்க?"

"நான் திரும்பி வந்திட்டன் அம்மா. லீவு தரேல்லை."

"கேட்டுப் பாக்கேல்லையே?"

"கேட்டனாங்கள். எல்லாரும் சேந்துதான் கேட்டனாங்கள். நாலு பேர் குறைஞ்சு போச்சு."

"ஆர் பிள்ளை அந்த நாலு பேர்?"

அக்கா ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த அட்டையைப் பார்த்தேன்.

"நீங்கள் சாப்பிட்டியளே அம்மா?" என்று அவர் கேட்டார்.