பொடி எரிந்த வாசனை

பார்சல் அலுவலகத்தின் சோதனைப் பிரிவில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்க அது சின்ன மூக்குதான், ஆனால் வேலை தெரிந்த மூக்கு. பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே ஊறுகாய், உள்ளே நெய், உள்ளே நெய் என்று எழுதப்பட்ட எண்ணெய் என்று சொல்லிவிடுவார்.

பதினொரு வருடமாக அதே மேசை. வீட்டில் செய்து, லேபிள் ஒட்டாமல் வருகிற சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே விடக்கூடாது என்பது விதி. அப்படி வந்தால் பின்கட்டில் இருக்கும் இரும்பு உலையில் போட்டு எரித்துவிட்டு, பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது. மற்றது மேலாளருடையது. மேலாளர் காலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைய பக்கம் முழுவதும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்.

கிருமி பரவக்கூடாது என்பது நியாயம். ஆனால் கிருமி லேபிளைப் படித்துவிட்டு நுழைவதில்லை. ஆலையில் அடைத்த மாவுப் பையில் வண்டு உயிரோடு ஊர்வதை மூக்கர் கண்ணால் பார்த்திருக்கிறார். பையில் வண்ண லேபிள் இருந்ததால் வண்டுக்கும் அனுமதி கிடைத்தது. யாரோ ஒருத்தி மூன்று நாள் வெயிலில் நின்று உலர்த்தி அனுப்பியது மட்டும் உலைக்குப் போனது. லேபிள் அச்சடிக்க வசதி உள்ளவனின் சாப்பாடு சுத்தம், மற்றவனுடையது அழுக்கு. இதை மேலாளருக்கு இரண்டு முறை எழுத்தில் கொடுத்தார். "உன் மனு ரொம்ப நல்லா இருந்துச்சுய்யா, கையெழுத்து முத்து முத்தா" என்று பதில் வந்தது.

இவ்வளவு நியாயம் பேசியவர்தான் திருடினார். நியாயம் பேசிப் பழகியவனுக்குத் தன் தப்புக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

அன்று வந்தது கைக்கடக்கமான ஒரு பெட்டி. கையில் எடுத்தவுடன் மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்ன மீனைக் காயவைத்து, ஒரு புளிப்புக் காயின் கொட்டையோடு வறுத்து இடித்த பொடி. அவர் பிறந்த பக்கத்தில் அதற்குப் பெயரே வெறும் 'பொடி'தான். உலகத்தில் வேறு பொடி இருப்பதாக அங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காய் இந்த ஊர்ச் சந்தையில் கிடையாது. பதினொரு வருடமாக அவர் சோற்றில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. மனைவி வேறு பக்கத்துக்காரி, நன்றாகச் சமைப்பவள். அவளிடம் குறை சொல்லவும் வழியில்லை.

எப்படியும் எரியப்போகிறதுதானே, நெருப்புக்குப் போவது வயிற்றுக்குப் போகட்டும் என்று நினைத்தார். பதிவேட்டில் முத்திரை குத்தினார். பெட்டிக்குள் இருந்த பொடிப் பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். உலையின் கதவைத் திறந்து மூடும் சத்தத்தையும் மறக்காமல் எழுப்பினார்.

வீட்டில் முதல் வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. கொட்டையை யாரோ கொஞ்சம் கருக விட்டிருந்தார்கள். அந்தக் கருகல்கூட அவருக்குப் பிடித்திருந்தது.

"யார் குடுத்தா?" என்றாள் மனைவி.

"ஊர்க்காரர் ஒருத்தர்."

அவள் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். "பழைய செருப்பை வறுத்த மாதிரி இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் வைங்க." பிறகு, "இவ்வளவு ஆசையா குடுத்த மனுஷனுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டாமா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் ஊர்க்காரருக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்தார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

பதினைந்து நாள் கழித்து அலுவலகக் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவள். கை விரலெல்லாம் சலவைச் சோடாவில் வெந்து வெளுத்திருந்தன. பார்சல் நிறுத்தப்பட்டது என்று தபாலில் வந்த சீட்டை நீட்டினாள்.

"என் நாத்தனார் அனுப்பின பொடி, சார். மாமனாருக்கு. போன மாசம்தான் அவரை இங்க கூட்டிட்டு வந்தோம். சோத்தையே தொட மாட்டேங்கறார். தட்டைப் பாத்துட்டு, பசிக்கலம்மாங்கறார். எனக்கு அது செய்யவும் தெரியாது. அதான் அனுப்பச் சொன்னோம்."

மூக்கர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அழிச்சாச்சும்மா. விதி."

"ஒரு ஸ்பூன்கூட மிச்சம் வைக்க மாட்டீங்களா?"

"இல்லம்மா."

"யார் சார் எரிச்சது?"

"நான்தான்."

அவள் அந்த முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"எரிக்கும்போது வாசனை வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"சரி, அதையாவது அவர்கிட்ட சொல்றேன்" என்று சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் மனைவி பொடியைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். அவர் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ன, உங்க ஊரே கசந்துபோச்சா?" என்றாள்.

சொல்லிவிட்டார். மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "ஐயோ, செருப்புன்னு வேற சொன்னேனே" என்றாள் முதலில். பிறகு, "இன்னும் கால் பாட்டில் இருக்கு. வேற டப்பாவுல போட்டு, எங்க வீட்டுப் பொடின்னு சொல்லிக் குடுத்துட்டு வாங்க. கிழவர் சாப்பிடுவார். உங்க வேலையும் போகாது" என்றாள்.

ஒரே கல்லில் பசியும் தீரும், மானமும் தப்பும் என்று அவருக்கும் தோன்றியது. முகவரி பதிவேட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தகர டப்பாவோடு போனார்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே குனிந்து போக வேண்டியிருந்தது. கிழவரின் கட்டில் அறைக்குக் குறுக்கே, வழியை அடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது.

"உக்காருங்க சார். கட்டிலை மன்னிச்சுக்குங்க" என்றாள் மருமகள். "பொடி எரிஞ்ச வாசனை வந்துச்சாம்னு சொன்னேன். உங்க ஆபீஸ் எந்தப் பக்கம்னு கேட்டார். அன்னிலேர்ந்து இப்படித்தான் போடச் சொல்றார். காத்து அந்தப் பக்கமிருந்து வருதாம்."

மூக்கர் டப்பாவை நீட்டினார். "எங்க வீட்டுது. நானும் அந்தப் பக்கம்தான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "தெய்வம் மாதிரி வந்தீங்க சார்." தெய்வமே இல்லை என்று இருபது வயதிலிருந்து வாதாடி வருகிறவர் அவர். தன்னைவிட மோசமான சாட்சி தெய்வத்துக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டார்.

சோற்றில் பொடியைப் பிசைந்து கொடுத்தாள். கிழவர் ஒரு வாய் வாங்கினார். மென்றார். இன்னொரு வாய் வாங்கினார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது என் பொண்ணு இடிச்சது."

"இல்ல மாமா, இது சார் வீட்டுது."

"கொட்டையைக் கருக விட்டிருக்கா பாரு. சின்ன வயசுலேர்ந்து திட்டறேன், அடுப்பைப் பாத்துட்டு எதையோ யோசிச்சுட்டு நிப்பா. அவ கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?"

மருமகள் மூக்கரைப் பார்த்தாள். சோற்றுத் தட்டு அவள் கையில் அப்படியே நின்றது.

"எரிக்கலம்மா" என்றார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தின்னுட்டேன். மிச்சம் இதுதான்."

கிழவருக்குக் காது கேட்டது. கோபம் வரவில்லை. கையிலிருந்த கவளத்தைத் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவன் கேட்கிற கேள்வி. பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார் மூக்கர். பொடி வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மைகளில் அதுவும் ஒன்று.

மருமகள் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. வாசல் வரை வந்தாள்.

"சாப்பிட்டதைக்கூட விடுங்க, சார். ஊர் ருசி யாருக்கும் நாக்குல கிடந்து அரிக்கும்தான். வாசனை வந்துச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க? இல்லாத வாசனைக்கு அவர் நாள் முழுக்க மூக்கை நீட்டிக்கிட்டுக் கிடந்தாரு."

மூக்கர் படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பதிவேட்டை எடுத்தார். 'அழிக்கப்பட்டது' என்ற முத்திரையின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தார். பக்கத்தில், முத்து முத்தான கையெழுத்தில், 'சோதனை ஊழியரால் வீட்டுக்கு எடுத்துச் சென்று உண்ணப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, மேலாளர் முன் வைத்தார்.

மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அதே வரியில் அவர் முன்கூட்டியே போட்ட கையெழுத்தும் இருந்ததே. "யோவ், உனக்கென்ன பைத்தியமா? பாட்டில் எங்கன்னு மேலிடத்துல யாராவது கேட்டாங்களா? ஒருத்தரும் கேக்கலையேய்யா!"

"கேட்டாங்க சார்" என்றார் மூக்கர். "வாசனை வந்துச்சான்னு கேட்டாங்க."