சிராங்கூன் சாலையில் ஒரு சூரிய அடுப்பு

எண்பத்துநாலாம் வருடம், மாலை ஏழு மணி. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே எனக்கு வயிறு எரிந்தது. தலைக்கு மேல் அத்தனை விளக்கு, ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை! கோயம்புத்தூரில் நான் வெல்டிங் வைக்க உட்கார்ந்தால் போதும், கரண்டு போய்விடும். இங்கே கழிவறைக்குக்கூட ஏர்கண்டிஷன். வெயில் எங்களுக்கு, வெளிச்சம் இவர்களுக்கா? என்ன நியாயம் இது?

என்னோடு ஒரு மரப்பெட்டியும் வந்திருந்தது. மேலே கண்ணாடி, உள்ளே கருப்புத் தகடு, வெயிலைத் திருப்பிவிட மூடியில் ஒரு முகக்கண்ணாடி. நானே செய்த சூரிய அடுப்பு. இதே மாதிரி நாற்பது அடுப்பு ஊரில் விற்காமல் கிடக்கின்றன. சிராங்கூன் சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராமையா, மலேசியத் தோட்டங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர். அடுப்பைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் என் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டுதான்.

அழைத்துப்போக என் மனைவியின் அண்ணன் அந்தோணி வந்திருந்தார். விமானச் சரக்குப் பிரிவில் வேலை.

"என்னா மாப்ளே, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

குவீன்ஸ்டவுனில் ஒன்பதாம் மாடியில் அவர் வீடு. கரண்டு போகாதா என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் போகும் லா. போனா மறுநாள் பேப்பர்ல வரும்."

எங்கள் ஊரில் போகாமல் இருந்தால்தான் பேப்பரில் போடவேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி. பெட்டியோடு டாக்ஸி பிடித்தோம், ஐந்து வெள்ளி ஆயிற்று; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வழியெல்லாம் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகள் நீண்டு, அவற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊர் சூரியனிடம் வாங்குகிற வேலை அவ்வளவுதான். அதற்கும் மேகம் வந்து வந்து மறைக்கிறது. இதிலாவது நாங்கள் பணக்காரர்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

ராமையா கடையின் பின்சந்தில் அடுப்பை வைத்து அரிசியும் பருப்பும் ஏற்றினேன். மேகம் விலகும்போதெல்லாம் ஓடிப்போய் முகக்கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தேன், குப்பென்று ஆவி! ராமையாவின் மனைவி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார்.

"நல்லாத்தான் வெந்திருக்கு. இதுல எப்படிங்க தாளிக்கிறது?"

"தாளிக்கிறதுக்கு மட்டும் வேற அடுப்பு..."

"அப்ப ரெண்டு அடுப்பா? எஸ்டேட்டுல விடியுமுன்னே சோறு கட்டிக்கிட்டு ரப்பர் வெட்டப் போவாங்க. அந்நேரம் சூரியனை எங்க தேடுறது? நாலு பேரு பாக்க வெளியில சோறாக்கினா கண்ணு வேற படும்."

ராமையா என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுல இதுலதான் சமைக்கிறாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அந்தோணி நின்றார். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் சாப்பிட்டவர். அவர் சந்துக்கு மேலே நீண்டிருந்த மூங்கில் கழிகளை அண்ணாந்து பார்த்தார்.

"இல்லீங்க. மண்ணெண்ணெய் ஸ்டவ்தான்."

"ஏன், அவங்களுக்குப் பிடிக்கலையா?"

"நான் கேட்டதில்லீங்க."

ராமையா சிரிக்கவில்லை. கடைப் பையனைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிவரச் சொன்னார். நான் குடித்து முடித்ததும், "கேட்டுட்டு எழுதுங்க, அப்புறம் பாப்போம்" என்று எழுந்துவிட்டார். ஆர்டர் போயிற்று.

கிளம்பும் நாள், காலை ஐந்து மணி. அந்தோணியின் மனைவி தூக்கக் கலக்கத்தோடு வந்து காஸ் அடுப்பின் குமிழைத் திருகினார். நீலமாகத் தீ எரிந்தது. வானத்தையும் பார்க்கவில்லை, வரிசையிலும் நிற்கவில்லை. கடுகு வெடித்தது. விமான நிலைய விளக்குகளைப் பார்த்தபோது எரிந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகமாக வயிறு எரிந்தது. என் மனைவியோ மண்ணெண்ணெய்க்கு டின்னோடு வரிசையில் நிற்கிறாள். நட்டநடு வெயிலில் நின்று கண்ணாடியைத் திருப்பு என்று நான் வேறு பெட்டி செய்து கொடுத்தேன். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு, அதன்மேல் வடகம் காயப்போட்டாள்.

பெட்டியை இப்போது திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறேன். வெயிலுக்கு எங்கள் ஊரில் குறைச்சலே இல்லை. அடுத்த அடுப்புக்குத் தகடு வெட்டுவதற்கு முன்னால், உனக்கு எப்படி இருக்கவேண்டும் என்று அவளைக் கேட்கவேண்டும். என்ன சொல்வாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது.