சணலில் கட்டிய மூன்று கட்டுகள்

சபையாருக்கு வணக்கம். எழுந்து நின்று பேச எனக்கு வராது. பல ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்சி சொல்ல எழுந்து, அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதித் தருகிறேன். அஞ்சாவது வரை படித்தவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987ஆம் வருடம், ஐப்பசி மாதம். தாம்பரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அட்டெண்டராக இருந்தேன். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் கோயில் திருவிழாக்களைப் பற்றி எழுதினார். இன்னொருவர் தாலாட்டுகளைச் சேகரித்தார். மேகலா மேடம் பம்மலில் தோல் பதனிடும் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களிடம் போய், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டு வந்தார். மூன்று வருடமாக வீடு வீடாக நடந்து சேர்த்தது. எல்லாம் மூன்று கட்டுக்குள் அடங்கியது.

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். வைத்துக்கொள்ள வேண்டிய காகிதத்தை வெள்ளை நாடாவில் கட்டுவேன். எடைக்குப் போட வேண்டியதைச் சணலில் கட்டுவேன். வாட்ச்மேன் கோவிந்தனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பார்த்தாலே தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டாம். யாரையும் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு எப்போதும் வசதி.

அந்தச் சனிக்கிழமை நாடா தீர்ந்துவிட்டது. மேடத்தின் மூன்று கட்டையும் அப்போதைக்குச் சணலில் கட்டி வைத்தேன். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சல் வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டோடு படுத்துவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் பழைய பேப்பரை எடைக்குப் போடுவது எங்கள் நிலையத்தில் வழக்கம். திங்கட்கிழமை வண்டி வந்தது. சணலில் கட்டியிருந்த எல்லாவற்றையும் கோவிந்தன் ஏற்றிவிட்டார்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனபோது மேடம் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நிலையத்தின் தலைவர் அறையில் கோவிந்தனை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சணல்ல கட்டிக் கெடந்துச்சு சார். அதான் போட்டேன்," என்றார் கோவிந்தன்.

தலைவர் நம்பவில்லை. ஆராய்ச்சிப் படிவத்தை யாராவது சணலில் கட்டுவார்களா என்று கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். கோவிந்தன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

அன்று சாயங்காலம் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த மழையை நிறுத்தும், அந்தக் காகிதங்கள் நனையாமல் காத்துக்கொள்ளும் என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். மழை வலுத்தது. ஓட்டின் மேல் விழும் சத்தத்தில் என் ஜெபம் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. காகிதத்துக்காக ஜெபிக்கிறேன், கோவிந்தனுக்காக ஒரு வார்த்தை இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். கடைசியில் கேட்டேன். நாளைக்கு என் வாய் திறக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விடவில்லை. தலைவர் அறைக்குள் போனேன். "நான்தான் சார் சணல்ல கட்டினேன்," என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என்னைத் திட்டினார்கள். சம்பளம் பிடிப்பதாகச் சொன்னார்கள். கோவிந்தனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மேடம் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, அந்தப் பழைய பேப்பர் கடை எங்கேன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பம்மலில் இருந்தது அந்தக் கடை. முழங்கால் தண்ணீரில் நடந்து போனோம். கடைக்காரர் ஒரு பாய். மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பண்றது, திங்கட்கிழமையிலேர்ந்து இந்த மழை. பேப்பர் மில்லுலேர்ந்து லாரியே வரல. மழை மட்டும் இல்லன்னா செவ்வாக்கிழமையே எல்லாம் கூழாப் போயிருக்கும்," என்றார்.

நான் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நிறுத்தும், நிறுத்தும் என்று நான் கெஞ்சிய மழைதான் அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது.

மூன்று கட்டும் கிடைத்தன. அடியில் இருந்த ஒரு கட்டில் மட்டும் தண்ணீர் ஏறி, பத்தொன்பது படிவங்களில் மை கரைந்து போயிருந்தது. அந்த வீடுகளின் விலாசம் மேடத்தின் நோட்டில் இருந்தது. மறுபடி போய்க் கேட்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயந்தேன்.

முதல் வீட்டு அக்கா கதவைப் பாதி திறந்து, ஏற்கெனவே எல்லாம் சொல்லியாச்சே என்று சலித்துக்கொண்டார். மேடம் பேசுவதற்கு முன்னால் நான் பேசினேன். "நீங்க சொன்னதை நான்தான்க்கா தொலைச்சிட்டேன். என் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேன்னு வூடு தேடி வந்து சொல்ற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன். உள்ள வந்து குந்து."

டீ போட்டுக் கொடுத்தார். பிறகு மேடத்திடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குப் படிப்பு ஏறலன்னு சொன்னேன்ல? அது பொய்யிம்மா. எனக்கு நல்லா ஏறிச்சு. தம்பி பொறந்தான், தூக்கி வச்சிக்க ஆள் இல்ல. அதான் நிறுத்திட்டாங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பது வீட்டுக்கும் போனோம். எல்லா வாசலிலும் அதே வார்த்தையைச் சொன்னேன். பதினொரு பெண்கள் முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மேடம் தன் ஆராய்ச்சியில் ஒரு பகுதியையே திருப்பி எழுதினார். இரண்டு வருடம் கழித்து டாக்டர் பட்டம் வாங்கினார். கோவிந்தன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளோடு வீட்டுக்கு வந்தார். இப்போதும் வருகிறார்.

இப்போது நாடா தீர்ந்தால் வாய் திறந்து கேட்டு வாங்குகிறேன். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு ஆண்டவர் செய்த பெரிய காரியம். நான் கேட்டபடி அவர் மழையை நிறுத்தவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இதை வாசிக்கக் கேட்கிறவர்களில் யாருக்காவது நெஞ்சில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிடக்கலாம். முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர் வீட்டுக்குப் போங்கள். மழை பெய்தாலும் போங்கள்.