ஹாலிவுட் படத்துக்கு மங்களம் போட்ட கதை

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஹாலிவுட் படத்தை முதன்முதலில் திரை கட்டி ஓட்டியவன் நான்தான். இது பொய். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் ஓட்டிவிட்டார்கள். ஆனால் ஹாலிவுட் படத்துக்கு நாதஸ்வரத்தில் மங்களம் போட்டவன் நான் ஒருத்தன்தான். அதில் எனக்குப் போட்டி கிடையாது.

என் பெயர் சின்னராசு. மைக் செட், லைட், புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நான் அதிகம் போனது ஆண்டு விழாவுக்கு மைக் கட்டத்தான். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுது என்று சங்கத்தில் சொன்னார்கள். வாலிகண்டபுரம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. நாடக மேடைக்கு ஒயர் இழுத்து முடித்துவிட்டு, சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நாடகம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்குமா என்பதே சந்தேகம்.

மேலே இருந்து பார்த்த பூ

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரியலூரில் ஒரு ஹாலில் படம். ரிட்டயரான இங்கிலீஷ் பேராசிரியர் ராஜரத்தினம் சார் அங்கே மாதாமாதம் பழைய படம் போடுவார். இந்த முறை கறுப்பு வெள்ளையில் ஒரு ஆட்டம் பாட்டப் படம். மேடை நாடகம் போட ஒரு கூட்டம் படும் பாடுதான் கதை. "நாடகக்காரங்க கட்டாயம் பாக்கணும்" என்று, நான் மைக் கட்டும் நாடகக் குழுவையும் அழைத்திருந்தார்.

மல்லிகா அக்கா வந்தது. ஆனந்தியும் வந்தது. இரண்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தன. காரணம் இருக்கிறது. அந்தக் குழுவில் ராணி வேஷம் என்றால் மல்லிகா அக்காதான். இப்போது முழங்கால் வலி. இந்தத் திருவிழாவுக்கு ராணி வேஷத்தை ஆனந்திக்குக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குத் தாய் வேஷம் என்றார்கள். "வேற ஆளப் பாத்துக்கங்க" என்று அக்கா சொல்லிவிட்டது. ராணியின் பாட்டெல்லாம் அக்காவின் மனதில்தான் இருக்கிறது. ஆனந்தி தடுமாறினால் ஓரத்தில் நின்று அடி எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை. அக்கா வராவிட்டால் மேடை ஏறமாட்டேன் என்று ஆனந்தி அழுதிருக்கிறது.

படத்திலும் அதே வம்பு. பெரிய நடிகையை ஒதுக்கிவிட்டுக் கூட்டத்தில் ஆடும் ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். இங்கிலீஷ் தெரியாத எனக்கே விளங்கியது.

நடுவில் ஒரு ஆட்டம். எத்தனையோ பெண்கள் வட்டமாகப் படுத்துக் கையையும் காலையும் விரிக்க, கேமரா உச்சியில் இருந்து பார்க்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே பூவாக விரிகிறார்கள், குவிகிறார்கள். எத்தனை கல்யாணத்துக்கு டிரோன் பறக்கவிட்டிருக்கிறேன், பந்தியும் வழுக்கைத் தலையும்தான் தெரிந்திருக்கிறது. டிரோன் இல்லாத காலத்தில் ஒருத்தன் கூரையில் தொங்கிக்கொண்டு இதை எடுத்திருக்கிறானே என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த மலைப்பில்தான் கோட்டை விட்டேன். படத்துக்குள் நாடகம் முடிந்தது. திரை விழுந்தது. படத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நம் ஆட்களும் தட்டினார்கள். மேடையில் திரை விழுந்தால் லைட்டைப் போட்டு மங்களத்தை ஓடவிடுவதுதான் என் வேலை. கை தானாகப் போனது. ஹாலில் வெளிச்சம். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், மல்லிகா அக்கா உட்பட.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த சார் ஓடிவந்தார்.

"யோவ், என்னய்யா பண்ணிட்ட? நாடகம்தான்யா முடிஞ்சுது. படம் முடியல."

மீதியைப் போட்டேன்.

ஆளுக்கு ஒரு படம்

முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படம் பார்த்ததுபோலப் பேசினார்கள். லப்பைக்குடிகாட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜப்பார் பாய் சொன்னார்: "கதைன்னு ஒண்ணுமே இல்ல சார். ஆனா அந்தப் பூ இருக்குதே, மாஷா அல்லாஹ். துபாய்லகூட நான் அப்படிப் பாத்ததில்ல."

"அது அமெரிக்காவுல பஞ்ச காலத்துல வந்த படம் பாய். சனங்க ரெண்டு மணி நேரம் பசிய மறக்கணும்னே எடுத்தது" என்றார் சார்.

ஆனந்தி மட்டும், "அத்தன பொண்ணுங்கள்ல ஒருத்தி மூஞ்சியும் ஞாபகம் இல்லீங்களே" என்றது.

எனக்கு மல்லிகா அக்கா நினைப்பு. படம் இருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்கா இன்னும் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றிருந்தது.

"அக்கா, படம் இன்னும் இருக்கு."

"என்னடா இருக்கு? பெரியவளத் தூக்கிப் போட்டாங்க, சின்னவள ஏத்துனாங்க. முடிஞ்சு போச்சு. மங்களம் வேற போட்டுட்ட."

"அது நம்ம மங்களம்க்கா."

பெஞ்சில் வைத்துப் போட்டேன். திரைக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். சனம் மறுபடியும் கூப்பிடுவது அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பெரிய நடிகை இருட்டிலிருந்து வருகிறாள். சின்னவளின் முகத்து வேர்வையைத் துடைத்து, திரையை விலக்கி, வெளியே தள்ளுகிறாள். வெளியே கைதட்டல். பெரியவள் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறாள். அவ்வளவுதான் படம்.

பஸ் வந்தது, போனது. அக்கா ஏறவில்லை.

"பொய்யிடா இது. எவளும் இப்படிச் செய்யமாட்டா" என்றது.

"சினிமாதானேக்கா."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அப்புறம், "இன்னொரு தரம் போடு" என்றது.

போட்டேன். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போது இங்கே திருவிழாவில் சனம் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. மேக்கப் ரூம் கீற்றுக் கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே தம்பிகளே, திரை விழுந்ததும் கை சுவிட்சுக்குப் போகக் கூடாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏனென்றால் திரைக்குப் பின்னால்...

"டேய் சின்னராசு, அங்க என்னடா எழுதிக்கிட்டுக் கெடக்க? மொத பாட்டுக்கு லைட்ட ஓரத்துல போடாத, நான் நிக்கிறது தெரியும். அவ வர்றா பாரு, அவ மேல போடு."

இதோ வந்துட்டேங்க்கா.