தொண்டைமானாற்றில் நான்கு வில்லும் ஒரு கொப்பியும்

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன்: ஒன்று எனக்கு, ஒன்று என் செல்லோவுக்கு. செல்லோ என்பது நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின். பணிப்பெண் அதற்கும் பெல்ட் போட்டுவிட்டு, ஜன்னலோரம் அதற்குத்தான், விதி அப்படி என்றார். ஆகவே பாக் நீரிணையை என் செல்லோ பார்த்தது. நான் எனக்கு முன்னால் இருந்தவரின் வழுக்கையைப் பார்த்தபடி யாழ்ப்பாணத்தில் இறங்கினேன்.

முதல் நாள், காலை பதினொன்றரை. விமான நிலைய வாசலில் ஓட்டோ ஓட்டும் குகன் என் பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"உது என்னக்கா? உதுக்குள்ளை ஆரும் இருக்கினமோ?"

"செல்லோ. வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி."

"அப்ப அண்ணை முதல்லை ஏறட்டும்."

பெரியண்ணன் ஏறிய பிறகு எனக்குக் கிடைத்தது அரை இருக்கை. தொண்டைமானாற்றுக்கு மூவாயிரம் ரூபாய் பேசினோம். அச்சுவேலி வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் செம்மண்ணும் வாழையும் பனையும். பிறகு மண்ணின் நிறம் வெளிறி, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கடல்நீரேரியின் பாலத்தைத் தாண்டியதும் குகன் வேகத்தைக் குறைத்து, சந்நிதி முருகன் இருக்கும் பக்கமாக ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார். மறு கை ஹேண்டில்பாரில் இருந்ததற்காக நானும் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் காலியாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், இளம் வாத்தியக்காரர்களுக்கும் இசையமைக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பத்து நாள் பயிற்சி. சொல்லிக்கொடுப்பது சேம்பர் மியூசிக். மேடையில் கோல் பிடித்து நடத்த யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று பேரோ நான்கு பேரோ ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிக்க வேண்டும். இதை நடத்துபவர் நேசன். முப்பது வருடம் நோர்வேயில் வயலின் வாசித்துவிட்டு நல்லூரில் வந்து குடியேறியவர். வந்திருந்தவர்கள் பதினாறு பிள்ளைகள், அவர்களில் நான்கு பேர் இசையமைப்பாளர்கள். வந்திருந்த ஒரே செல்லோ என்னுடையது என்பதால், ஆசிரியராகப் போன நான் பிள்ளைகளோடு நால்வர் குழுவிலும் உட்கார வேண்டியதாயிற்று. எனக்கு வயது நாற்பத்தெட்டு. மற்ற மூவரின் வயதையும் கூட்டினால் என்னைக் கொஞ்சம் தாண்டும்.

இரண்டாம் நாள், காலை ஒன்பது. கரவெட்டியிலிருந்து வந்த சாருகா என்ற பெண் தன் இசையை ஒரு தடித்த கொப்பியில், நம் ஊர் நோட்டுப் புத்தகம், கொண்டுவந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள். ஊரில் கர்நாடக வயலின் கற்றவள். நான்கு வாத்தியங்களுக்கும் பென்சிலால் நான்கு நிரல் போட்டு, ச ரி க ம என்று எழுதியிருந்தாள். தலைப்பு 'எதிர்க்காத்து'. ட்யூஷனுக்காக வல்லைவெளி என்ற பெரிய திறந்தவெளியில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த அனுபவமாம். என் நால்வர் குழுவின் மற்ற மூன்று பேருக்கும் ஸ்வரம் படிக்கத் தெரியாது. ஆகவே அதை மேற்கத்திய முறைக்கு மாற்றி எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். திருச்சியில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள் நான். ஸ்வரம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும், அதைப் பெரிய ஞானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி நாள் கச்சேரிக்கு எங்கடை ஆக்கள் வருவினம் ரீச்சர். வான் பிடிச்சாச்சு," என்றாள். வேனை அங்கே வான் என்கிறார்கள்.

"எத்தனை பேர்?"

"பதினாலு. அம்மா இதுவரைக்கும் நான் எழுதினது ஒண்டும் கேக்கேல்லை. வீட்டிலை நான் வாசிக்கேக்கை அவவுக்கு வேலை நேரம்."

அம்மாவுக்கு வெங்காயத் தோட்டம். விடிந்தால் தண்ணீர் இறைப்பு, பொழுது சாய்ந்தால் சமையல்.

ஐந்தாம் நாள், காலை பத்து. நான்கு இசையமைப்பாளர்களின் ஆக்கங்களையும் நேசன் முன்னிலையில் வாசித்துக் காட்டினோம். முதல் வயலின் கொழும்பிலிருந்து வந்த ரெபேக்கா. இரண்டாம் வயலினும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் கண்டியைச் சேர்ந்த அக்கா தங்கை. சாருகாவின் இசை நன்றாகத்தான் போனது. நடுவில் என் செல்லோவுக்கு ஒரு நீண்ட ஏற்றம், உண்மையாகவே முழங்கால் வலித்தது. கடைசி வரி முடிந்ததும் நான்கு பேரும் வில்லைத் தாழ்த்தினோம். தாள் முடிந்தால் இசை முடிந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒழுக்கம் அது. அறையில் ஏதோ நடுப்படியில் நின்றுவிட்டது போலிருந்தது.

நேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வடிவாய்க் கிடக்கு பிள்ளை. ஆனால் முடியேல்லை. அந்தரத்திலை நிக்குது. கச்சேரிக்கு முடிஞ்ச துண்டுகள் மட்டும்தான். இதை அடுத்த வருசம் பாப்பம்."

"ஓம் சேர்," என்று கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள் சாருகா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. பதினாலு பேர் வருகிறார்கள், கொஞ்சமாவது மல்லுக்கு நின்றிருக்கலாம்!

ஆறாம் நாள், மதியம் பன்னிரண்டு. எல்லோரும் சந்நிதி கோயிலுக்கு நடந்தோம். பூசை செய்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் பூசை செய்கிறார்கள். மணியோசை மட்டும். பிறகு மடத்தில் அன்னதானம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. யாரோ ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடனுக்காக வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே சாருகா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். அம்மா சீலையை அயன் பண்ணி வைச்சிட்டாவாம். எப்பிடிச் சொல்லுறது?"

நான் நாதஸ்வரத்தின் பக்கம் காதைத் திருப்பினேன். சரணம் போலிருந்த ஒரு பகுதி மேலே ஏறி முடிந்தது. உடனே வாசித்தவர் பாட்டின் முதல் வரிக்குத் திரும்பினார். அடுத்த பகுதி முடிந்தது, மறுபடியும் முதல் வரி. எதிரே எந்தத் தாளும் இல்லை. என் கை சோற்றிலேயே நின்றது.

"சாருகா, உன் பாட்டும் இப்படி முதல் வரிக்குத் திரும்பி வருமா?"

"ஓம். வராமல்?"

"நீ எழுதவே இல்லையே!"

அவள் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தாள். "அதை ஏன் ரீச்சர் எழுதோணும்? பல்லவிக்குத் திரும்பாமல் ஆர் முடிக்கிறவை?"

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் நாலு பேரும் வில்லை இறக்கிப்போட்டியள். பிடிக்கேல்லையாக்கும், இவ்வளவும் போதும், காணும் எண்டு நிப்பாட்டிட்டியள் எண்டு நினைச்சன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கொப்பியில் எழுதாத ஒன்று அவள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருச்சியில் பக்கத்து வீட்டுப் பாட்டு வகுப்பை ஜன்னல் வழியாகப் பத்து வருடம் கேட்டவள் நான், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் படித்தேனே தவிர காதை எங்கோ கழற்றி வைத்துவிட்டேன். மாற்றி எழுதியவள் நான். தப்பு என்னுடையது.

அன்று மாலை நான்கு மணிக்கு நேசனிடம் அப்படியே சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் இந்த மண்ணிலைதான் வயலின் பிடிச்சனான். தாளைப் பாத்தன், பிள்ளையைப் பாக்கேல்லை. கச்சேரியிலை மூண்டாவதாய்ப் போடுங்கோ." பிறகு தானே எழுந்து போய்ச் சாருகாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

அடுத்த சிக்கல் ஒத்திகையில் வந்தது. ரெபேக்கா பென்சிலைத் தீட்டிக்கொண்டு, "முதல் வரியைக் கடைசியில் எத்தனை தடவை வாசிக்கணும்?" என்று கேட்டாள்.

"காணும் எண்டு மனசுக்குப் படுற வரைக்கும்," என்றாள் சாருகா.

"அது எத்தனை?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? அண்டைக்குத்தானே தெரியும்."

ரெபேக்கா என்னைப் பார்த்தாள். எண் இல்லாமல் வாசித்துப் பழக்கமில்லாத கூட்டம் நாங்கள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம்: சாருகா எங்களுக்கு நேர் எதிரே தரையில் உட்காருவாள், அவள் தலையசைத்தால் அந்தச் சுற்றோடு நிறுத்துவோம். அடுத்த மூன்று நாட்களும் மூன்றாம் தடவையில் தலையசைத்தாள். ரெபேக்கா யாருக்கும் தெரியாமல் தாளில் '3' என்று எழுதி வைத்துக்கொண்டாள். நானும்தான்.

பத்தாம் நாள், மாலை ஐந்து. பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் பதினான்கு நாற்காலிகள் மட்டும் காலி. கரவெட்டி பத்துக் கிலோமீட்டர்தான், ஆனால் வேன் வரவில்லை. நெல்லியடியில் மாலை வாங்க நிற்கிறார்கள் என்று நாலரைக்குத் தகவல். ஐந்தே காலுக்கு, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிறார்கள் என்று தகவல். நேரம் தவறினால் முகம் சுளிக்கிற ஆள் நான். இவர்கள் கச்சேரி கேட்க வருகிறார்களா, கல்யாணத்துக்கு வருகிறார்களா என்று முணுமுணுத்தேன். முதல் இரண்டு ஆக்கங்களும் முடிந்தன. ஆறரைக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நேசன் சாருகாவைப் பார்த்தார். அவள், "தொடங்குங்கோ சேர்," என்றாள். எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

வாசித்தோம். என் நீண்ட ஏற்றமும் வந்து போனது, நாற்காலிகள் காலியாகவே இருந்தன. சரணம் முடிந்து முதல் வரிக்குத் திரும்பினோம். ஒன்று. இரண்டு. மூன்று. நான் வில்லைத் தாழ்த்தத் தயாரானேன். சாருகா தலையசைக்கவில்லை. அவள் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெபேக்காவின் கண் விரிந்தது, ஆனால் வில் நிற்கவில்லை. நான்காம் தடவையில் வெளியே ஹார்ன் சத்தம்.

பதினாலு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அதற்கே ஒரு சுற்றுப் போயிற்று. கையில் மாலையோடு முன்வரிசைக்கு நடந்து, நீ இரு, இல்லை நீங்கள் இருங்கோ என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். அது ஆறாவது சுற்று. இதற்குள் எங்களுக்குப் பயம் போய்விட்டது. ரெபேக்கா சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள், நாங்கள் மூவரும் அவள் பின்னால் போனோம். கடைசியாக, அயன் செய்த நீலச் சேலை கட்டிய ஒரு பெண், மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். முதல் வரியை அவருக்காக, அவர் உட்கார்ந்தபின், முழுதாக ஒரு முறை வாசித்தோம். ஏழாவது தடவை.

சாருகா தலையசைத்தாள்.

மறுநாள் மதியம் விமானத்தில் செல்லோ மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்தது. சென்னையில் இப்படி நடந்திருக்காது. அங்கே அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் பக்கவாட்டில் வந்து நிற்பார்கள், செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். நானும் அந்தக் கட்சிதான், தாமதமாக வருகிறவர்களுக்காக இசை காத்திருக்கக் கூடாது என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தவள். என் முதல் கச்சேரி திருச்சியில், பதினாறு வயதில். அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, இரண்டு பஸ் மாறி, சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தபோது நான் வாசித்து இறங்கியிருந்தேன். "முடிஞ்சுபோச்சாம்மா?" என்று கேட்டார். "முடிஞ்சுபோச்சு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல வருடங்கள் அதற்காக அவர்மேல் கோபமாகவும் இருந்தேன். அன்று செல்லோப் பெட்டி என் கையில்தான் இருந்தது. திறந்து இன்னொரு முறை வாசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.