மூரு திங்களு

அப்பாவுக்குக் குடலில் கட்டி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தமிழ் தெரிந்த நர்சம்மா சொன்னார். எனக்கு அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. அதன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்பதுதான் அப்பாவின் ஒரே பேச்சு.

கிளம்பும் நாளில் பெரிய டாக்டர் அப்பாவின் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்த்தார். கூட நின்ற டாக்டரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எங்களுக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை: "மூரு திங்களு." நாங்கள் சிங்காரப்பேட்டைக்காரர்கள். நான் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வருடம்கூட ஆகவில்லை, கன்னடம் பழகவில்லை. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

பஸ்ஸில் அப்பா சொன்னார்: "மூணு திங்கக்கெழமதானாம். கொழந்த வர்றதுக்குள்ள போயிருவேன் கண்ணு."

என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். ஓசூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். எண்ணெய் தடவும்போது ஈரல் கையில் தட்டுப்படும், சாக்குக்குள் உருளைக்கிழங்கு போல. தடவத் தடவ இன்னொரு கிழங்கு கூடியிருப்பதாகத் தோன்றும்.

மூன்றாவது திங்களன்று குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தெற்கே தலை வைத்துப் படுத்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும், ஒரு துணிக் கிழிசலால் தானே குனிந்து கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். கண் திறந்திருந்தது.

"எனக்கெதுக்கு கஞ்சி? நான்தான் நேத்தே போயிட்டனே."

சாதாரணமாகத்தான் சொன்னார். அதன் பிறகு "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்பவில்லை.

அந்த வாரமே திரும்பிய வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாமா, கன்னடத்துல திங்களுன்னா மாசம். இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்குது. பேரன தூக்கிட்டுத்தான் போவீங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இன்னொரு தடவ போவணுமா மாப்ள?"

வீட்டுக்காரருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

பெண் பிறந்தாள். அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டிருந்தது. அவளைப் பக்கத்தில் கிடத்தினேன். தொடவில்லை. "நான் போயாச்சு சாமி. உன் மொகம் பாக்கத்தான் நின்னுட்டிருக்கறேன்" என்று அவள் காதோரம் சொன்னார். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

அந்த வாரத்திலேயே போய்விட்டார். டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. கால்விரல் கட்ட நான் துணி தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிழிசல் தலையணைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.